சீனாக்காரம் தோய்த்த முக்காடு

எல்சியக்கா முத்தம் கொடுக்கிறா என்றுதான் ஊர் முழுக்க நம்பியிருந்தது. முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகள் வருசா வருசம் எங்கள் கோயில் வாசலில் வெள்ளை உடுப்போடு வரிசையாக நிற்பார்கள். எல்சியக்கா குனிந்து குனிந்து, ஒவ்வொரு பிள்ளையின் முக்காட்டுத் தொங்கலையும் உதட்டில் ஒற்றிக்கொண்டு போவா. பார்க்கும் தாய்மார் கண் கலங்குவார்கள். "என்ன பக்தி பாருங்கோ, ஒரு பிள்ளையையும் விடுறாவில்லை" என்பார்கள். மெழுகுதிரிப் பெட்டியோடு பக்கத்தில் நிற்கும் நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். முத்தமாம், மண்ணாங்கட்டி! அவ நாக்கு நுனியால் தொட்டு ருசி பார்த்துக்கொண்டு போனா.

எனக்குத் தெரியாமல் வேறு ஆருக்குத் தெரியும்? என் பெயர் லெஸ்லி. கோயில் மணியடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, கதவுப் பூட்டுகளின் திறப்புக் கோவையைத் தூக்கிக்கொண்டு திரிவது எல்லாம் என் வேலை. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி மட்டும்தான். அவ என்னைவிட நாலைந்து வயது மூப்பு. அவவின் நாக்கு எதைத் தேடியதோ, அதைச் சந்தையில் வாங்கிச் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தவனே நான்தான்.

அது சீனாக்காரம். இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களில் படிகாரம் என்று போட்டிருக்கும். பார்த்தால் கற்கண்டு. வெயிலில் பிடித்தால் வெளிச்சம் உள்ளே போய்விட்டு வெளியே வரும். கற்கண்டென்று எண்ணி வாயில் போட்ட பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்காதுகள். முதலில் ஒரு புளிப்பு, அதற்கடியில் இலேசான இனிப்பு, பிறகு கன்னமிரண்டும் உள்ளுக்கு இழுபட்டு, பச்சைப் பாக்கைச் சப்பியது போல வாய் சுருங்கிவிடும். ஒரு பெண் வருசா வருசம் கோயில் வாசலில் நின்று இந்தக் கண்றாவி ருசியை ஏன் தேடினா என்பதைச் சொல்லவே உட்கார்ந்தேன்.

சுதந்திரம் கிடைத்த வருசம். எல்சியக்காவின் தங்கச்சி றீற்றாவுக்கு முதல் நன்மை. றீற்றா எங்களோடு விளையாடித் திரிந்த வாயாடி. மீன்காரனோடும் கதைப்பாள், மீனோடும் கதைப்பாள். தாய் தகப்பன் முன்னமே போய்விட்டதால் அவளுக்கு எல்சியக்காவே முக்காடு தைத்தா. வலை போல மெல்லிசான நல்ல நெற் துணி, கால்வரைக்கும் தொங்கும். கஞ்சி போட்டு, அயன் பண்ணி, தலையில் வைத்து ஊசி குத்தியதும் அவவின் கைதான். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து சுழன்றடிக்கிற மாதம். பள்ளிக்கூடத்திலிருந்து கோயிலுக்குப் பிள்ளைகள் கொளுத்திய மெழுகுதிரியோடு ஊர்வலமாக வந்தார்கள். நான் பூசைக்கு உதவுகிற பெடியன், முன்னால் சிலுவை பிடித்துக்கொண்டு வந்தேன். பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன்.

நெற் துணி எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விறகு பிடிக்கிற மாதிரி அது மெல்ல மெல்லப் பிடிக்காது. பின்னால் வந்த பிள்ளையின் திரி ஒரு பக்கம் சரிந்தது, அவ்வளவுதான். சேலையால் பொத்தினார்கள், மண்ணள்ளி எறிந்தார்கள், தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். அந்தக் கிழமை முடியுமுன் றீற்றா போய்விட்டாள். செத்த வீட்டில் எல்சியக்கா அழவில்லை. "தைச்சது நான், கஞ்சி போட்டது நான், ஊசி குத்தினது நான்" என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தா. தம்பி பேணாட், பத்து வயதுப் பெடியன், அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி விட்டுப் போகாமல் நின்றான்.

அதன் பிறகு அவ கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டா. கடற்படைத் தளத்துச் சலவைச் சாலையில் வெள்ளைக்காரக் கப்பல்காரரின் உடுப்புகளுக்குக் கிழிசல் தைத்துத் தம்பியை வளர்த்தா. எல்லா ஞாயிறும் பூசைக்கு வருவா. முதல் நன்மை நாளில் மட்டும் கோயில் பக்கம் தலை காட்டமாட்டா. துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய், பொழுது சாயுமட்டும் அங்கே கரையில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பி வருவா.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுக் கப்பலேறினான். சலவைச் சாலையும் மூடியாயிற்று. பட்ட காலிலே படும் என்பதுபோல, அந்த மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எங்கள் கிணறெல்லாம் வெள்ளம் புகுந்து, தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே மருந்துதான். சீனாக்காரக் கட்டியை ஒரு சீலைத் துண்டில் முடிந்து, பானைக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, பேசாமல் போய் அடுப்பை மூட்ட வேண்டும். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் சேறெல்லாம் ஒன்றையொன்று பிடித்துத் திரண்டு, பஞ்சு பஞ்சாக அடியில் போய்க் குந்தியிருக்கும். மேலே கண்ணாடித் தண்ணீர். எத்தனை தரம் பார்த்துவிட்டேன், இன்றைக்கும் எனக்கு வாய் பிளக்கும். அவ்வளவு சேற்றையும் கீழே இருத்தி வைக்க ஒரு நெல்லிக்காயளவு கல் போதுமென்றால் பாருங்களேன்.

வெள்ளம் வடிந்து வெயில் பட்ட ஒரு காலை. விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. எல்சியக்கா பழைய சீலைத் துண்டுகளைப் போட்டு அடுப்பு மூட்டப் பார்த்திருக்கிறா. திடீரென்று வேலிக்கு அங்கால் கத்தல்.

"லெஸ்லி! இஞ்ச ஒருக்கா ஓடி வாரும்!"

பாம்பு வந்துவிட்டதென்று எண்ணி வேலியைப் பிரித்துக்கொண்டு பாய்ந்தேன். அவ குசினிக்குள், விளக்குச் சுடருக்கு மேல் குறட்டால் ஒரு துணியைப் பிடித்தபடி நின்றா. சீனாக்காரம் முடிந்து முடிந்து பழசாய்ப்போன துணி. சுடர் பட்ட இடம் கறுத்தது. கறுத்து, புகைந்து, அப்படியே நின்றது. குறட்டை விலக்கியதும் புகையும் நின்றுவிட்டது. அடுத்ததாக வேறொரு துண்டைப் பிடித்தா. அது பக்கென்று பற்றி, குறட்டிலிருந்து கழன்று விழுமுன்னே சாம்பலாயிற்று.

"பாத்தீரே? இது பத்துது, அது பத்தேல்லை. ஏன் பத்தேல்லை?"

"ஈரமாக்கும், அக்கா."

"ஈரமோ? வெயிலில காஞ்சு அப்பளமாக் கிடந்தது. தொட்டுப் பாரும்."

தொட்டுப் பார்த்தேன். மொரமொரவென்று இருந்தது. அவ அப்படியே நிலத்தில் குந்தினா. றீற்றா செத்த அன்று வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. வாய்விட்டு, நெஞ்சிலடித்து அழுதா.

"இது அண்டைக்கும் வீட்டில கிடந்தது, லெஸ்லி! தண்ணிப் பானைக்குப் பக்கத்தில, சிரட்டைக்குள்ள கிடந்தது. ஒவ்வொரு நாளும் கையால எடுத்தனான். கிடந்ததே ஐயா, வீட்டில கிடந்ததே!"

விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன்.

மறுநாளே என்னைச் சந்தைக்கு அனுப்பினா. நாட்டு மருந்துச் சாமான் விற்கும் அபூதாஹிர் நானாவின் கடை அங்கேதான். நானா கிண்ணியாக்காரர், ஒவ்வொரு நாளும் பாதையேறி வந்து கடை திறப்பார். சரக்கு விற்பதைவிடச் சரக்கைப் பற்றிக் கதைப்பதில்தான் அவருக்குப் பிரியம். ஒரு கட்டி கேட்டால் ஒரு புராணம் வரும். சவரக்கடைக்காரன் கத்தி பட்ட தாடையில் இதைத்தான் தேய்க்கிறான், தேய்த்த கையோடு இரத்தம் நிற்கிறது என்றார். மூதூரில் பாய் இழைக்கிற பெண்கள் பன் புல்லுக்குச் சாயம் போடுமுன் இதில் அவித்தெடுக்காவிட்டால் முதல் மழைக்கே சாயம் ஓடிவிடும் என்றார். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கச் சொல்லிக் கொடுத்தார், வேர்வை நாற்றத்துக்குக் கக்கத்தில் பூசச் சொன்னார், எனக்கு இரண்டும் தேவைதான் என்று நக்கலும் அடித்தார்.

"அதெல்லாம் சரி நானா. இதில தோய்ச்ச துணி ஏன் எரியுதில்லை?"

நானா சிரிப்பை நிறுத்தினார். "எரியாதா? இது எனக்குத் தெரியாத கதை. ஆனா ஒண்டு காட்டுறன், இரிங்க."

தேத்தண்ணிக்கு வைத்திருந்த கரியடுப்பில் ஒரு தகரமூடியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கட்டியை வைத்தார். சூடேறியதும் கல்லின் ஓரம் வேர்த்தது. பிறகு உருகி, தன் தண்ணீரிலேயே தான் கிடந்து கொதித்தது. குமிழி குமிழியாக ஆவி போனது. கடைசியில் பொரி பொரிந்த மாதிரி ஊதிப் பெருத்து, வெள்ளை நுரையாக இறுகி நின்றது. நானா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பாரமே இல்லை.

"பாத்தீங்களா தம்பி? நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினனா? இல்ல. அவ்வளவும் கல்லுக்குள்ள இருந்த தண்ணி. கல்லுல கிட்டத்தட்ட அரைவாசி. சுப்ஹானல்லாஹ்! ரப்பு எதுக்குள்ள எதை வச்சிருக்கான்!"

பல் தேய்க்கிற தூளுக்கென்று அவர் நெடுகச் செய்கிற வேலை அது. அப்படியிருந்தும் சின்னப்பிள்ளை போல அவர் கண் விரிந்ததை நான் மறக்கமாட்டேன். வந்து எல்சியக்காவுக்கு நடித்துக் காட்டினேன். அவ நெடுநேரம் அந்த வெள்ளை நுரையை விரலால் தடவிக்கொண்டிருந்தா.

"அப்ப காஞ்ச துணிக்குள்ளயும் தண்ணி காவல் நிக்குது" என்றா.

அடுத்த முதல் நன்மைக்குள் அவ அந்த வேலையைக் கரைத்துக் குடித்துவிட்டா. தண்ணீரைக் கொதிக்க வைத்து, இனிக் கரையாது என்கிற அளவுக்குச் சீனாக்காரம் போடுவா. பச்சைத் தண்ணீர் கொஞ்சத்தைத்தான் கரைக்கும், சுடுதண்ணீர் வாரி விழுங்கும். துணியை அமிழ்த்தி, ஒரு செபமாலை சொல்லி முடியுமட்டும் ஊறவிடுவா. வீட்டில் மணிக்கூடு இல்லை, செபமாலைதான் மணிக்கூடு. பிறகு பிழியாமல் நிழலில் தொங்கவிடுவா. ஆறிய பானையின் அடியில் மிஞ்சியது கல்லாய்த் திரும்பி நிற்கும். ஒவ்வொரு கல்லும் தட்டான் உட்கார்ந்து பட்டை தீட்டியது போல ஒரே அச்சாக இருக்கும். அந்தக் குசினிப் பானைக்குள் ஆர் உட்கார்ந்து பட்டை தீட்டினது என்று நான் கேட்பேன். "உம்மட தாத்தா" என்பா.

ஒரேயொரு குறை. தண்ணீரில் வந்தது தண்ணீரோடேயே போய்விடும். ஒரு தரம் அலசினால் சரி, துணி பழையபடி வெறும் துணி. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல ஏலாது. அதற்கு நாக்குத்தான் சாட்சி.

அந்த முதல் வருசம் அவ வீடு வீடாகப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னா. நானும் கூடப் போனேன், அதுதான் வயிறெரிகிறது. ஒரு தாய் மூக்கைச் சுளித்தா. "சவரக்கடைச் சாமானில தோய்ச்ச துணியைப் போட்டுக்கொண்டோ பிள்ளை நன்மை வாங்கிறது?" இன்னொருத்தி கதவுக்குப் பின்னால், எங்களுக்குக் கேட்கத்தக்கதாக, "பாவம், தங்கச்சி போன துக்கத்தில மண்டை பிசகிப்போச்சு" என்றா. வந்தது ஒரேயொரு முக்காடு. அது என் அக்கா மகளுடையது. அதையும் நான் கெஞ்சித்தான் கொண்டு வந்தேன்.

பிறகு நடந்ததுதான் எங்கள் ஊர்க் கூத்து. வேலிக்கரையால் போன ஆரோ, எல்சியக்கா பானைக்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலை உருட்டுவதைக் கண்டுவிட்டார்கள். அவ்வளவும் போதாதா? "எல்சி செபிச்ச தண்ணியாம்" என்றது சந்தை. பஸ் நிலையத்துக்குப் போகுமுன் அது, ஊருக்கு வெளியே சனம் நேர்த்திக்குப் போகும் மாதா ஊற்றின் தண்ணீராயிற்று. கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மாதாவே கனவில் வந்து சொன்னதாயிற்று. அடுத்த வருசம் ஒரு முக்காடு மிச்சமில்லாமல் அவவின் வாசலுக்கு வந்தது. மூக்கைச் சுளித்தவதான் முதல் ஆள்!

"அக்கா, முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறீங்கள்" என்று எரிந்து விழுந்தேன். "உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"உண்மையைச் சொல்லத்தானே போன வருசம் போனம்? ஒரு முக்காடு வந்தது." பானையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னா. "என்னத்தையெண்டாலும் நினைக்கட்டும் லெஸ்லி. துணி தோய்ஞ்சால் காணும். நீர் வாயைத் திறந்திராதையும்."

திறக்கவில்லை. அந்த வருசம் முதல் அவ கிண்ணியாவுக்குப் போவதை விட்டா. கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு முக்காட்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தா. ருசி பட்டதும் அந்த முகம் இலேசாகச் சுருங்கும், அடுத்த பிள்ளையிடம் போவா. இடையில் ஒரு வருசம் ஒரு பிள்ளையின் முக்காட்டில் திரி சரிந்ததை நான் கண்டேன். சல்லிக்காசளவில் ஒரு கறுப்பு ஓட்டை விழுந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கே தெரியாது, பாட்டுப் பாடிக்கொண்டு போனது. பூசை முடிய நான் போய்ப் பீடத்துக்குப் பின்னால் நின்று அழுதேன்.

இப்படிப் பத்து வருசம் போனது. பேணாட் வளர்ந்து, கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை எடுத்து, எமல்டா என்றொரு நல்ல பிள்ளையைக் கல்யாணம் முடித்தான். பிறந்த மகளுக்குச் செத்த தங்கச்சியின் பெயரையே வைத்தான், றீற்றா. அந்தச் சின்ன றீற்றா எல்சியக்காவோடு தங்கி நகரத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வாயும் அதே வாய். எமல்டாவுக்கு மாதத்தில் ஒரு தரம் பஸ் ஏறி வந்துதான் பிள்ளையைப் பார்க்க ஏலும். பிள்ளைக்குத் தலை பின்னுவது, சோறு கொடுப்பது எல்லாம் மச்சாள் எல்சியே செய்கிறா, பெற்றவள் ஒன்றும் செய்யவில்லையே என்று அவளுக்குள் ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது.

அறுபத்தெட்டில் சின்ன றீற்றாவுக்கு முதல் நன்மை. எல்சியக்கா அந்த முக்காட்டை மட்டும் இரண்டு தரம் தோய்த்தா. சனிக்கிழமை எமல்டா கந்தளாயிலிருந்து வந்திறங்கியபோது நானும் எல்சியக்காவும் கோயிலில் பீடத்துக்குச் சோடனை செய்துகொண்டிருந்தோம்.

ஞாயிறு காலை கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. பழைய ஊர்வலத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், மெழுகுதிரியை வாசலில்தான் கொளுத்துவது. நான் கையால் பொத்திப் பொத்திக் கொளுத்திக்கொண்டு வர, எனக்குப் பின்னால் எல்சியக்கா குனிந்து குனிந்து வந்தா. கடைசிக்கு முந்தின பிள்ளை சின்ன றீற்றா. அவளின் திரியைக் கொளுத்தினேன், அவளுக்குப் பின்னால் நின்ற குட்டிப் பிள்ளையின் திரியையும் கொளுத்தினேன். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. திரும்பி எல்சியக்காவைப் பார்த்தேன்.

சின்ன றீற்றாவின் முக்காட்டை நாக்கில் வைத்தபடி நின்றா. முகம் சுருங்கவில்லை. வேறொரு மூலையைப் பிடித்து வைத்தா. சுருங்கவில்லை. ஒரு கொத்தாக அள்ளி வாய்க்குள்ளேயே திணித்தா.

பக்கத்தில் நின்ற எமல்டா பூரித்துப்போய்ச் சொன்னாள்: "நேத்து நீங்கள் கோயிலில நிக்கேக்க மாதா ஊத்துக்குக் கொண்டு போனனான், மச்சாள். விறைச்சுக் கிடந்ததை நல்லா அலசி, காயவிட்டு, நானே அயன் பண்ணினனான். உங்கட தீர்த்தமும் மாதாவின்ர தண்ணியும், பிள்ளைக்கு ரெண்டு ஆசீர்வாதம். நானும் என்ர கையால ஒண்டு செய்ய வேணுமெல்லோ?"

அதே கச்சான், அதே நெற் துணி, அதே பெயர். பின்னால் நின்ற குட்டி, கையில் நெருப்போடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இனித் தோய்க்கவும் ஏலாது, காயவிடவும் ஏலாது. முக்காடில்லாமல் பிள்ளையை உள்ளே விட அந்தக் காலத்தில் எந்தத் தாயும் சம்மதியாள். வரிசையின் முன்பாதி வாசலைத் தாண்டிவிட்டது.

எல்சியக்கா பிள்ளையின் தலையிலிருந்து ஊசிகளைப் பிடுங்கினா. முக்காட்டைச் சுருட்டினா. வாசற்சுவரோடு இருந்த கருங்கல் தீர்த்தத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அமிழ்த்தினா! சனம் "ஆ" என்றது. "ஐயோ மச்சாள், என்ன செய்யிறியள்?" என்று எமல்டா கத்தினாள். சொட்டச் சொட்ட எடுத்துப் பிள்ளையின் தலையில் போட்டு ஊசி குத்தினா.

"மாமி, குளிருது!" என்று சின்ன றீற்றா கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள்.

வரிசைக்கு முன்னால் போன சுவாமியார் திரும்பி வந்து, "எல்சி, என்ன இது?" என்றார்.

"பேந்து சொல்லுறன் சுவாமி. இப்ப பிள்ளையை விடுங்கோ." சுவாமியார் அந்த முகத்தைப் பார்த்தார், வழி விட்டார்.

கோயில் நடுவில், பக்கவாசல் நேருக்கு வரிசை வந்தபோது கச்சான் உள்ளே புகுந்தது. பின்னால் வந்த குட்டி கண்ணைக் கசக்கியது. அதன் திரி சரிந்து, முன்னால் போன றீற்றாவின் முதுகில் போய் முட்டியது.

சுர்ரென்று ஒரு சத்தம். திரி அணைந்து ஒரு நூல் புகை எழும்பியது. றீற்றா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய் அந்தக் குட்டியின் திரியைக் கொளுத்த வேண்டும். மூன்று நெருப்புக்குச்சி முறிந்தது. தூணோடு நின்ற எல்சியக்கா வாயைப் பொத்தியபடி நிலத்தில் குந்தினா.

பூசை முடிந்து வெளியே வந்ததும் தாய்மார் அவவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அதிசயம்! தீர்த்தம் நெருப்பை அணைச்சுப்போட்டுது! எல்சிக்கு மாதா முன்கூட்டியே காட்டிப்போட்டா!" ஒருத்தி அவவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள்.

எல்சியக்கா கையை உதறினா. "வாயை மூடுங்கோடி எல்லாரும்!"

அவ சத்தம் போட்டு ஊர் கேட்டதே இல்லை. மரத்தில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"நான் ஒரு பிள்ளைக்கும் முத்தம் குடுக்கேல்லை. நக்கிப் பாத்தனான். சீனாக்காரம் இருக்கோ எண்டு நக்கிப் பாத்தனான்! லெஸ்லி, நெருப்புப்பெட்டியைத் தாரும்." இடுப்பில் சொருகியிருந்த கைலேஞ்சித் துணியை உருவினா, அது முக்காடுகளோடு சேர்த்துத் தோய்த்தது. எமல்டாவின் கைலேஞ்சியையும் வாங்கினா, அது வெறும் துணி. எல்லாரும் பார்க்க இரண்டையும் கொளுத்தினா. எமல்டாவினது சுடராய் எழும்பி நிலத்தில் விழுந்து சாம்பலாயிற்று. மற்றது ஓரத்தில் கறுத்து அப்படியே நின்றது. "இதுதான். வேறை ஒண்டுமில்லை. என்ர தங்கச்சிக்கு அண்டைக்கு இது இருக்கேல்லை."

எமல்டா சாம்பலைப் பார்த்தாள், ஈர முக்காட்டோடு ஓடித் திரிந்த மகளைப் பார்த்தாள். பார்த்தபடியே மணலில் குந்திவிட்டாள். "நான் கழுவிப்போட்டன், மச்சாள்! என்ர கையால நானே..."

எல்சியக்கா பக்கத்தில் குந்தி அவளை இறுக்கிப் பிடித்தா. "நீ ஒண்டும் செய்யேல்லை. கேளடி, நீ ஒண்டும் செய்யேல்லை. தண்ணி பட்டால் போயிடும் எண்டு உனக்கு ஆர் சொன்னது? பத்து வருசம் வாயை மூடிக்கொண்டிருந்த என்னையெல்லோ செருப்பால அடிக்க வேணும்." இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் எமல்டா கேட்டாள்: "அது என்ன ருசி, மச்சாள்?" எல்சியக்கா அந்தக் கருகிய கைலேஞ்சியின் மற்ற மூலையை நீட்டினா. எமல்டா நாக்கில் வைத்தாள். கன்னம் இரண்டும் உள்ளுக்கு இழுபட்டன. அழுத முகத்தோடு அவள் முகம் சுளித்ததைப் பார்த்து எல்சியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியெண்டாலும் அந்தக் கல்லைக் காட்டித் தந்தது மாதாதானே" என்று மூக்குச் சுளித்த பழைய அம்மா மெல்லச் சொன்னா, விடமாட்டா.

"அதை நான் இல்லையெண்டேல்லை" என்றா எல்சியக்கா. "கல்லுக்குள்ள தண்ணியை வச்சவர் ஆரெண்டு எனக்கும் தெரியும். ஆனா அதைக் கழுவிப்போட்டு அவரைக் கூப்பிடாதையுங்கோ."

அடுத்த வருசம் அவவின் முற்றத்தில் தாய்மாரே பானை வைத்துத் தோய்த்தார்கள். அவ சும்மா வாங்குப் பலகையில் இருந்து செபமாலை உருட்டினா. முதல் நன்மை அன்று காலை வாசலில் எல்சியக்கா குனியவில்லை. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் முக்காட்டைத் தானே தூக்கி நாக்கில் வைத்தாள். வரிசையின் கடைசியில் தாயில்லாத ஒரு பிள்ளை நின்றது. தகப்பன் தோணிக்காரன், என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். தன் மகளுக்குப் போன வருசமே முடிந்திருந்தும், எமல்டா கந்தளாயிலிருந்து முதல் பஸ்சில் வந்திருந்தாள். அவள் போய் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் முழங்காலில் நின்று முக்காட்டைத் தூக்கினாள்.

"என்ன பக்தி பாருங்கோ" என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. நெருப்புக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எமல்டாவின் முகத்தையே பார்த்திருந்தேன். அது சுருங்கிய பிறகுதான் அந்தப் பிள்ளையின் திரியைக் கொளுத்தினேன்.